மேலதிகாரிகளின் மௌனம்

காவல்துறையில் நேர்மை தழைப்பதும் பட்டுப்போவதும் பெரும்பாலும் மேலதிகாரிகள் கையில்தான் இருக்கிறது. நியூயார்க் இதற்கு நன்கு பதிவான சான்று.

1966இல், மஃப்டியில் பணியாற்றிய ஃபிராங்க் செர்பிகோ என்ற காவலரிடம் 300 டாலர் அடங்கிய உறை ஒன்று வந்து சேர்ந்தது. சூதாட்டக்காரர் அனுப்பிய மாமூல். அதை அவர் உயரதிகாரி ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினார். விசாரணை நடக்கவில்லை. இதை மறந்துவிடு, இல்லையேல் உயிருக்கே ஆபத்து என்ற எச்சரிக்கைதான் கிடைத்தது. பிறகும் பலரிடம் முறையிட்டார், யாரும் அசையவில்லை. 1970 ஏப்ரலில் நியூயார்க் டைம்ஸ் செய்தி வெளியிட்ட பிறகே மேயர் ஜான் லிண்ட்சே விசாரணைக்குழு அமைத்தார். ஒரு நேர்மையான காவலரை இத்தனை ஆண்டுகள் தனியே தவிக்கவிட்டது பெருங்கொடுமை.

விட்மன் நாப் தலைமையிலான அந்தக் குழுவின் 1972ஆம் ஆண்டு அறிக்கை, லஞ்சம் வாங்கியவர்களோடு நிற்கவில்லை. தவறு செய்வோர் ஒருசில கறுப்பு ஆடுகளே என்று நிர்வாகம் சாதித்துவந்ததைச் சீர்திருத்தத்துக்குப் பெருந்தடையாகச் சுட்டியது. 1970இல் நியூயார்க் காவல் ஆணையரான பேட்ரிக் மர்ஃபி, கீழுள்ளவரின் தவறுக்கு மேலதிகாரியும் பதில் சொல்ல வேண்டும் என்றாக்கினார். 'எனக்குத் தெரியாது' என்று ஒதுங்க வழியில்லை.

இதே பொறுப்பை ஆய்வாளர்களும் அளந்து பார்த்தனர். ஆய்வாளர் கார்ல் க்ளாக்கர்ஸ் குழுவினர் 30 அமெரிக்கக் காவல் அமைப்புகளில் 3,235 பேரிடம் நடத்திய ஆய்வு 2000இல் வெளியானது. நேர்மையைத் தனிமனிதக் குணமாக மட்டும் பார்க்காமல், நிர்வாகம் விதியைப் புரியவைத்து, மீறினால் தண்டிக்கிறதா என்றும் அது கேட்டது. திருட்டை மிகக் கடுமையான குற்றமாகக் கருதியவர்களிலும் பெரும்பாலோர், குடிபோதையில் சிறு விபத்து ஏற்படுத்திய சக காவலர் மீது புகார் கொடுக்க முன்வரவில்லை.