அப்பாவோட வண்டியும் ஆயில் குச்சியும்

சாரல் தொடங்கிட்டு. மேக்கரைப் பக்கத்து மலையெல்லாம் மேகத்துக்குள்ள போயி மூணு நாளாச்சு. வயல்ல வேலை ஓடல. அதனால ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்ச ஒரு விஷயத்தை இன்னைக்கு எழுதிடுதேன். பயிர் விஷயம் இல்ல, வண்டி விஷயம்.

எங்க வீட்டுல நிக்குறது 2004-ல அப்பா வாங்கின மாருதி 800. நெல்லும் தேங்காயும் ஒண்ணுபோல கைகொடுத்த வருஷம் அது. அந்த மாடலோட உற்பத்தியே 2014 ஜனவரியோட நின்னு போச்சு. அப்பாவும் இப்போ இல்ல. வண்டி மட்டும் ஓடுது. மீட்டர்ல 1,60,000 கிலோமீட்டர் தாண்டிட்டு. உரமூட்டை ஏத்துறது, வாழைக்கன்னு கொண்டு வாறது, அம்மாவைத் தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது, எல்லாத்துக்கும் இதுதான்.

போன வருஷம் ஒரு கார்த்திகை நட்சத்திரத்துக்கு அம்மா திருமலைக் கோயிலுக்குப் போகணும்னு சொன்னா. முட்டுவலி, படி ஏற முடியாது. மேல வரைக்கும் ரோடு இருக்கதால காருலயே கிளம்பினோம். மலைப்பாதையில ஒரு வளைவுல திரும்புறப்போ ஆயில் விளக்கு சிவப்பா மினுக்குன்னு எரிஞ்சு அணைஞ்சுது. நேர் ரோட்டுக்கு வந்ததும் ஒண்ணுமில்ல. அடுத்த வளைவுல மறுபடியும் எரிஞ்சுது.

"ஏய்யா, அது என்ன செவப்பா எரியுது?"ன்னு அம்மா கேட்டா.

"ஒண்ணுமில்லம்மா"ன்னு சொல்லிட்டேன். ஆனா கை வேர்த்துட்டு. ஓரங்கட்டி இன்ஜினை அணைச்சேன். கொஞ்ச நேரம் கழிச்சு ஆயில் குச்சியை உருவிப் பாத்தா, நுனியில தொட்டும் தொடாம எண்ணெய். எண்ணெய் குறைஞ்ச இன்ஜின்ல, வளைவுல திரும்பும்போதும் மேட்டுல ஏறும்போதும் இருக்கிற கொஞ்சமும் ஒரு பக்கமா ஒதுங்கிரும். பம்பு எண்ணெய்க்குப் பதிலா காத்தை உறிஞ்சும். அதான் விளக்கு எரியுது. அப்படியே மேல ஏத்தியிருந்தா இன்ஜின் அங்கயே முடிஞ்சிருக்கும்.

பின்னால வந்த ஊர்க்காரங்க வண்டியில அம்மாவை ஏத்தி அனுப்பிட்டு, மெக்கானிக் தம்பிக்குப் போன் போட்டேன். பைக்குல ஆயில் டப்பாவோட வந்தான். ஊத்தி முடிச்சதும், "அண்ணாச்சி, வயசான இன்ஜின். இனிமே 20டபிள்யூ-50 ஊத்துங்க, கெட்டியா நிக்கும்"ன்னான். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில ஒருத்தர், ஆயிலோட கலக்குற மருந்து ஒரு பாட்டில் வாங்கிக்கச் சொன்னார். சென்னையில இருக்கிற மகன், "அப்பா, ஹை மைலேஜ் ஆயில்னே தனியா ஒண்ணு இருக்குப்பா. இல்லேன்னா வண்டியை வித்துருங்க"ன்னான்.

அந்த ஹை மைலேஜ் ஆயில் என்னன்னு விசாரிச்சேன். அமெரிக்காவுல 2000-ல வால்வோலின் கம்பெனி மேக்ஸ்லைஃப்ங்கிற பேருல கொண்டு வந்துச்சு. அப்புறம் மத்தவங்களும் இறங்கினாங்க. 75,000 மைல், நம்ம கணக்குல சுமார் 1,20,000 கிலோமீட்டர் தாண்டின வண்டிக்குன்னு சொல்லுதாங்க. இன்ஜின்ல எண்ணெய் வெளிய வராம தடுக்குற ரப்பர் சீல் எல்லாம் வருஷக்கணக்கா சூடு பட்டு காஞ்சு இறுகிப்போயிரும். இந்த ஆயில்ல இருக்கிற சேர்மானம் அந்த ரப்பரை இளக்கி, லேசா உப்ப வைக்கும். அழுக்கைக் கழுவுற சரக்கும் தேய்மானத்தைக் குறைக்குற சரக்கும் கொஞ்சம் கூடுதலா இருக்கும். ஆனா கிழிஞ்ச சீலை ஒட்டாது. தேஞ்ச ரிங்கை வளர்க்காது.

மெக்கானிக் தம்பி சொன்னதும் தப்பில்ல. கடைசியில வர்ற 50-ங்கிறது, இன்ஜின் சூடானபிறகு எண்ணெய் எவ்வளவு கெட்டியா நிக்கும்ங்கிற கணக்கு. தேஞ்சு இடைவெளி விட்ட இன்ஜினுக்குக் கெட்டி எண்ணெய் கொஞ்சம் தாங்கும். ஆனா எண்ணெய் எங்க போவுதுன்னு தெரியாம கெட்டியா ஊத்துறது, வரப்புல நண்டு வளை இருக்கான்னு பாக்காம மடையைக் கூடத் திறந்து விடுறது மாதிரி.

எண்ணெய் போற வழி ரெண்டுதான். ஒண்ணு கசிவு, இல்லேன்னா எரிஞ்சு போவுது. ராத்திரி வண்டிக்கு அடியில பழைய அட்டைப்பெட்டியை விரிச்சு வச்சேன். காலையில ரூபாய் அகலத்துக்கு ரெண்டு கறை. காலையில ஸ்டார்ட் பண்ணினதும் நீலப்புகை கொஞ்ச நேரம் வந்தா பெரும்பாலும் வால்வு சீல். மிதிக்க மிதிக்க நீலப்புகை வந்தா ரிங். நம்ம வண்டியில காலையில மட்டும் லேசா ஒரு புகை. ரிங் போகல. மேல டேப்பட் கவர் பேக்கிங் காஞ்சு, எண்ணெய் வழிஞ்ச தடம் இருந்துச்சு. இன்ஜினைப் பிரிக்கிற செலவெல்லாம் இல்ல. பேக்கிங்கை மட்டும் மாத்தினோம். அதுக்கப்புறம்தான் மகன் ஆன்லைன்ல வரவழைச்ச ஹை மைலேஜ் ஆயிலை, கையேட்டுல சொல்லியிருக்கிற கிரேடுலயே, ஃபில்டரும் மாத்தி ஊத்தினேன். கடை மருந்து வாங்கல.

கசிவு நின்னுட்டு. காலைப் புகை குறைஞ்சிருக்கு, முழுசா நிக்கல. முன்னாடி ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் போல குடிச்ச வண்டி, இப்போ அதுல பாதி கூட கேக்கல. பேக்கிங்குக்கு எவ்வளவு பங்கு, ஆயிலுக்கு எவ்வளவு பங்குன்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது.

ஆனா ஒண்ணு சொல்லணும். எந்த ஆயில்னு நாலு பேருகிட்ட கேட்டேனே தவிர, நாலு மாசமா நான் அந்தக் குச்சியைத் தொடவே இல்லைங்கிறதை யாருகிட்டயும் சொல்லல. அப்பா டீசல் மோட்டார் வச்சிருந்த காலத்துல, விடியுமுன்ன தோட்டத்துக்குப் போனா முதல்ல குச்சியை உருவி வேட்டி முனையில துடைச்சு, திரும்ப விட்டு எடுத்துப் பாத்துட்டுத்தான் கைப்பிடியைச் சுத்துவார். வேட்டி முனையில எண்ணெய்க் கறை இருந்துக்கிட்டே இருக்கும். அம்மா சத்தம் போடுவா. எந்த எண்ணெய்னு அப்பா பெருசா யோசிச்சதில்ல. இருக்கான்னு மட்டும் பார்ப்பார்.

இப்போ ஞாயித்துக்கிழமை காலையில சமதரையில வண்டியை நிறுத்தி, நானும் குச்சி பாக்குதேன். ஒரு நோட்டுல தேதியும் மீட்டரும் எழுதுதேன்.

இதை வாசிக்கிற உங்கள்ல பல பேருக்கு ஊருல அப்பாவோட பழைய வண்டி நிக்கும். பொங்கலுக்கு வந்து ஸ்டார்ட் பண்ணி, குடும்பத்தோட குத்தாலத்துக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி, ஒரு தடவை அந்தக் குச்சியை உருவிப் பாருங்க. துடைக்கத் துணி தேடவேண்டாம். அப்பாவோட பழைய வேட்டி எங்கயாவது கிடக்கும்.