மாத்திரைச் சீட்டில் ஒரு தேதி

முடக்குவாதத்தோடு வரும் இளம்பெண்கள் எலும்பைப் பற்றிக் கேட்பதில்லை. காலையில் விரல் மடங்கவில்லை, பிள்ளைக்குத் தலை பின்ன முடியவில்லை, குக்கர் மூடியைத் திறக்க முடியவில்லை என்று எல்லாம் மூட்டைப் பற்றிய முறையீடுதான். எலும்பு வலுவிழக்கும்போது வலிப்பதில்லை. அதனால் அதைப் பற்றிக் கவலைப்படுவது வைத்தியம் பார்க்கிறவர் வேலையாகிறது.

எலும்பு, வாழ்நாள் முழுக்க இடித்து இடித்துக் கட்டப்படும் வீடு. முடக்குவாத அழற்சியில் சுரக்கும் டிஎன்எஃப், ஐஎல்-6 போன்ற புரதங்கள் இடிக்கும் செல்களை முடுக்கிவிடுகின்றன. கை எக்ஸ்ரேயில் விரல் மூட்டை ஒட்டிய எலும்பு அடர்த்தி குறைந்து தெரிவது அதன் ஆரம்பத் தடயம். எலும்பு உச்ச அடர்த்தியை எட்டுவதே 30 வயதை ஒட்டித்தான். இருபதுகளில் நோய் வந்தவளுக்குச் சேமிக்க வேண்டிய பருவத்திலேயே செலவு தொடங்கிவிடுகிறது.

அடுத்தது ஸ்டீராய்டு. 1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச் இந்த நோய்க்கு முதன்முதலாகக் கார்டிசோன் கொடுத்தது 29 வயதுப் பெண் ஒருவருக்கு. முடங்கிக் கிடந்தவர் சில நாட்களில் எழுந்து நடந்தார். 1950இல் நோபல் பரிசு வந்தது. பக்க விளைவுகளின் பட்டியலும் கூடவே வந்தது. நானும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை எழுதுகிறவன்தான். நோயை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் வேலை செய்யத் தொடங்கச் சில வாரங்கள் ஆகும். அதுவரை அவள் சமைக்க வேண்டும், பஸ் ஏற வேண்டும். ஆனால் ஸ்டீராய்டு எலும்பை வேகமாகக் கரைப்பது தொடங்கிய மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள்தான். அதனால் சீட்டில் மாத்திரையின் அளவோடு, அது எந்தத் தேதியில் குறையும், எந்தத் தேதியில் நிற்கும் என்பதையும் எழுதிவிடுவேன். நெடுநாள் சாப்பிட்டவர் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. படிப்படியாகத்தான் இறக்க வேண்டும்.

“ஸ்டீராய்டு சாப்பிட்டீங்களா?” என்று கேட்டால் யாரும் ஆமாம் என்பதில்லை. “வலி தாங்காதப்போ மெடிக்கல்ல என்னம்மா வாங்குவீங்க?” என்று கேட்டால்தான் செட் மாத்திரை வெளியே வரும். “அதுல ஒரு குட்டி மாத்திரை இருக்கும் டாக்டர், போட்டா நல்லாப் பசிக்கும்.” பசியும் உப்பிய கன்னமும் எனக்குப் பதில் சொல்லிவிடும். பெயர் ஒட்டாத பொடி, சூரணம் எதுவானாலும் அடுத்தமுறை எடுத்துவரச் சொல்கிறேன். திட்டினால் அடுத்தமுறை மறைத்துவிடுவார்கள்.

எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் தாளில் நான் முதலில் தேடுவது இசட் ஸ்கோரை. மாதவிடாய் நிற்காத பெண்ணை அவள் வயதுக்காரிகளோடுதான் ஒப்பிட வேண்டும். மைனஸ் 2 அல்லது அதற்குக் கீழே போனால் வயதுக்கேற்ற அடர்த்தி இல்லை என்று பொருள். அந்த எண்ணை மட்டும் வைத்து எலும்புப்புரை என்று முத்திரை குத்தக்கூடாது. எலும்பு முறிவு அபாயத்தைக் கணக்கிடும் ஃப்ராக்ஸ் கருவியும் 40 வயதிலிருந்துதான் பொருந்தும். எலும்புக் கரைவைத் தடுக்கும் அலென்ட்ரோனேட் வகை மருந்துகள் எலும்புக்குள் ஆண்டுக்கணக்கில் தங்கும். குழந்தை பெற நினைக்கும் பெண்ணுக்கு யோசித்துத்தான் எழுத வேண்டும். டெனோசுமாப் ஊசியை இடையில் நிறுத்தினால் முதுகெலும்பு நொறுங்கும் அபாயம் உண்டு. ஏற்கெனவே லேசான அடியில் எலும்பு முறிந்தவள், அதிக அளவு ஸ்டீராய்டை விட முடியாதவள் என்றால் இந்த மருந்துகளுக்குத் தயங்குவதில்லை. கருத்தரிக்கும் திட்டத்தைக் கேட்டுக்கொண்டு தொடங்குகிறேன்.

மெத்தோட்ரெக்சேட் சாப்பிடும்போது கரு தங்கக்கூடாது. அதற்காக அரசு மருத்துவமனைகளில் ‘அந்தரா’ என்ற பெயரில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசியை எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. அந்த ஊசியும் எலும்பு அடர்த்தியைக் குறைக்கும். இவர்களுக்கு வேறு வழிதான் நல்லது.

சாப்பாட்டில் ஒரு நாளைக்குச் சுமார் 1000 மில்லிகிராம் கால்சியம் சேர வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் 300க்கு மேல் இருக்கிறது. வெயில் கொளுத்தும் ஊரிலும் வைட்டமின் டி குறைபாடு சாதாரணம். மூட்டு அடங்கியதும் நடக்கச் சொல்வேன். “நீ உட்காரும்மா, நான் பார்த்துக்கறேன்” என்னும் மாமியாரிடமும் அதையே சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் மிகவும் விழிப்போடு இருப்பது பிரசவத்துக்குப் பிறகான மாதங்களில். அப்போது பலருக்கு நோய் மறுபடி சீறும், ஸ்டீராய்டு திரும்ப வரும், தாய்ப்பாலுக்கும் எலும்பிலிருந்து கால்சியம் போகும். பால் மறந்தபின் எலும்பு பெரும்பாலும் தேறிவிடும். ஆனால் திடீரென்று முதுகு வலித்தால், “ஆபரேஷனுக்கு முதுகுல ஊசி போட்டாங்களே, அதான்” என்று வீட்டிலுள்ளவர்கள் தள்ளிவிடுகிறார்கள். முதுகெலும்பு நொறுங்கியிருக்கிறதா என்று பார்க்க நான் எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறேன், உயரத்தையும் அளக்கிறேன்.

இளம்பெண்ணின் எலும்புக்கு எது நல்ல மருந்து என்று பயிற்சி மருத்துவர்கள் கேட்பதுண்டு. கால்சியம் என்ற பதிலை எதிர்பார்ப்பார்கள். நோய் தெரிந்த உடனே மூட்டு அழற்சியை முழுதாக அடக்குவதுதான் என் பதில். அது அடங்கினால் ஸ்டீராய்டும் தேவைப்படாது.