தேருக்கு ஒரு தொம்பை

கோயில் கைங்கரியத்தில் கணக்குப் பார்க்கலாமா, கூடாதா என்ற கேள்விக்கு எழுபத்துநான்காம் வயதில்தான் எனக்கு விடை கிடைத்தது. விடை சொன்னவர் உபந்நியாசகர் அல்லர். துணியில் சித்திரம் எழுதும் ஒரு முதியவர்.

கூட்டுறவு வங்கி ஒன்றில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பின் எங்கள் ஊர்ச் சிவாலயத்தின் தேர்த்திருவிழாக் குழுவில் வரவு செலவு எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. எட்டு ஆண்டுகளுக்கு முன் தேரைப் பழுது பார்த்தோம். சக்கரமும் அச்சும் புதியனவாயின. தொம்பைகள் மட்டும் பழையனவாகவே இருந்தன. தொம்பை என்றால் இக்காலப் பிள்ளைகள் பலருக்குத் தெரிவதில்லை. தேரின் மேல்நிலையிலிருந்து தூண்போல் உருண்டு தொங்கும் துணிக்குழலே தொம்பை. யாளியும் மயிலும் பூங்கொடியும் அதில் எழுதப்பட்டிருக்கும். தேர் அசைந்தால் அதுவும் அசையும். கடைவீதியின் கோடியில் நிற்பவர் அந்த அசைவைக் கண்டே தேர் புறப்பட்டது என்று கன்னத்தில் போட்டுக்கொள்வர்.

எங்கள் தேருக்கு ஆறு தொம்பைகள் உண்டு. புதிதாகச் செய்யக் கைவினைஞர்களிடம் விலை கேட்டோம். கணினியில் படம் அச்சிட்டுத் தரும் கடை ஒன்றிலும் கேட்டோம். கடைக்காரர் சொன்னது கைவேலையின் விலையில் கால் பங்கு. மூன்றே நாளில் கைக்கு வரும் என்றார். குழுவில் சிலர் தயங்கினர். "தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுதானே?" என்று ஒருவர் கேட்டதும் தயக்கம் தீர்ந்தது. அப்படிக் கேட்டவன் நான்தான். ஈசனுக்குப் பணம் மிச்சப்படுத்திக் கொடுத்தோம் என்ற நிறைவோடு அன்றிரவு உறங்கினேன்.

சென்ற புரட்டாசியில் சென்னையிலிருந்து என் பேத்தி வந்தாள். துணி வடிவமைப்புப் படிக்கிறவள். கும்பகோணத்துக்கு அருகே காவிரிக் கரையிலுள்ள பழைய சத்திரம் ஒன்றில், கலம்காரி எழுதக் கற்பிக்கும் ஐந்து நாள் பயிற்சி வகுப்பு நடக்கிறது என்றும், துணைக்கு வரவேண்டும் என்றும் அழைத்தாள். போனேன்.

பதினெட்டு மாணவர்கள் இருந்தனர். பெரும்பாலோர் இளம்பெண்கள். ஆசிரியர் கொள்ளிடக் கரையிலுள்ள ஒரு சிற்றூர்க்காரர். வயதில் எனக்கு இரண்டொன்று மூத்தவராக இருக்கலாம். நெற்றி நிறையத் திருநீறு. விரல் நகங்களில் எத்தனை தேய்த்தாலும் போகாத கருமை. வேடிக்கை பார்க்க ஓரமாய் அமர்ந்த என்னையும் அவர் விடவில்லை. "சும்மா இருக்கிற கையை ஏன் சும்மா விடவேண்டும், ஐயா?" என்று சொல்லி ஒரு முழம் காடாத் துணியை என் மடியில் வைத்தார்.

முதல் நாள் முழுவதும் நாங்கள் துணி துவைத்தோம். "எப்போது எழுதத் தொடங்குவோம்?" என்று ஒரு பெண் பொறுமையிழந்து கேட்டாள். "கஞ்சி முழுவதும் போகட்டும், அம்மா. தன்னிடம் ஒன்று இருக்கிற வரை துணி வேறொன்றை ஏற்காது" என்றார். தத்துவமாக அவர் அதைச் சொல்லவில்லை. கஞ்சியைப் பற்றித்தான் சொன்னார். நான் மட்டும் வேறொன்றை நினைத்துக்கொண்டு துவைத்தேன்.

இரண்டாம் நாள் எருமைப் பாலில் கடுக்காய்ப் பொடியைக் கலந்து, துணியை அதில் தோய்த்து வெயிலில் உலர்த்தினோம். கடுக்காயின் துவர்ப்பு இல்லாவிட்டால் மை பிடிக்காது. பாலின் கொழுப்பு இல்லாவிட்டால் மை கோட்டை விட்டுக் கசிந்து பரவும். மையை அவர் ஊரிலிருந்தே ஒரு மண்பானையில் கொண்டுவந்திருந்தார். துருவேறிய இரும்புத் துண்டுகள், வெல்லம், நீர் ஆகியவற்றைச் சேர்த்து ஊறவைத்தது. மூடியைத் திறந்ததும் புளித்த வாடையில் பிள்ளைகள் மூக்கைப் பொத்தினர். அவர் சிரித்தார். "உங்களுக்கு இது ஐந்து நாள் வகுப்பு. இந்தப் பானைக்கு இன்று இருபத்திரண்டாம் நாள்."

மூன்றாம் நாள்தான் எழுதுகோல் கைக்கு வந்தது. கூராகச் சீவிய மூங்கில் குச்சி. நுனிக்குச் சற்று மேலே நூலும் துணியும் சுற்றிய ஒரு சிறு உருண்டை. உருண்டை மையைக் குடித்துக்கொள்ளும். அதை விரல்களால் மெல்ல அழுத்தினால் மை நுனிக்கு இறங்கும். புளியங்குச்சிக் கரியால் முதலில் உருவத்தை லேசாகக் குறித்துக்கொண்டு, அதன்மேல் மையால் எழுதவேண்டும். பானையில் கலங்கல் நீராகத் தெரிந்த மை, கடுக்காய் ஏறிய துணியைத் தொட்டதும் கண்ணெதிரே கறுத்தது. அவர் ஒருமுறைகூட 'வரைவது' என்று சொல்லவில்லை. யாளியை எழுது, அன்னத்தை எழுது என்றே சொன்னார்.

என் கோடு நடுங்கியது. அருகில் வந்து என் கைமேல் தம் கையை வைத்தார். "மூச்சை அடக்காதீர்கள், ஐயா. அடக்கினால்தான் கை நடுங்கும். விட்டுக்கொண்டே எழுதுங்கள்." அப்படியே செய்தேன். ஒரு கொடியின் வளைவு ஒழுங்காக வந்தது. ஆயிரக்கணக்கான பேரேட்டுப் பக்கங்களை நிரப்பிய கைக்கு, அந்த ஒரு வளைவு தந்த மகிழ்ச்சி புதிது.

அன்று பிற்பகல் அவர் ஒரு பழைய தொம்பையைப் பிரித்துக் காட்டினார். தம் தந்தையார் எழுதியது என்றார். சிவப்பும் கறுப்பும் கடுக்காய் மஞ்சளும் அடங்கிய ஒளியோடு இருந்தன. கருப்பூரிலும் சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் நாயக்கர் காலந்தொட்டு இவ்வேலை நடப்பதையும், கோயில்களுக்குத் தொம்பையும் விதானச் சீலையும் வாசமாலையும் எழுதியே குடும்பங்கள் பிழைத்ததையும் சொன்னார். கருப்பூர்க் கலம்காரி ஓவியத்துக்கு 2021ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்ததையும் சொன்னார்.

பிறகு இன்னொரு கதையும் வந்தது. தஞ்சை மராட்டிய அரச குடும்பத்தினருக்காகக் கோடாலிக்கருப்பூரில் ஒருவகைச் சேலை நெய்தனர். பருத்தியோடு சரிகையை இழைத்து நெய்து, அதன்மேல் கையால் எழுதிச் சாயமேற்றிய சேலை. கடைசி மன்னர் சிவாஜி 1855ஆம் ஆண்டில் ஆண் வாரிசின்றி மறைந்தார். அரசு கும்பினியார் கைக்குப் போயிற்று. உடுத்துவோர் இல்லாத சேலையை யார் நெய்வார்? அந்த வேலைப்பாடும் காலப்போக்கில் வழக்கொழிந்தது. இன்று அச்சேலைகளை அருங்காட்சியகங்களில்தான் காணலாம்.

என் பேத்தி விடவில்லை. "காளத்தியில் அப்படி ஆகவில்லையே, ஐயா. கமலாதேவி சட்டோபாத்யாய அம்மையாரின் முயற்சியால் அங்கே பயிற்சி நிலையம் வந்தது. லட்சுமய்யா என்ற பெரியவர் கற்பித்தார். அவருடைய மகன் குரப்பா செட்டிக்கு 2008இல் பத்மஸ்ரீ விருதே கிடைத்தது. கற்பித்தால் கலை பிழைக்கும் அல்லவா?" என்றாள்.

முதியவர் தொம்பையை மடித்தபடியே பதில் சொன்னார். "கற்பிக்க வேண்டும், அம்மா. அதற்காகத்தான் இந்த வயதில் பானையைத் தூக்கிக்கொண்டு வருகிறேன். ஆனால் என்னிடம் கற்க இருபது பேர் வருகிறார்கள். 'எங்கள் சுவாமிக்கு ஒன்று எழுதிக் கொடுங்கள்' என்று கேட்க ஒருவர் வருவதில்லை. கேட்பவர் இல்லாவிட்டால் கற்றவர் என்ன செய்வார்?"

பிறகு என்னை நோக்கி எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. "உங்கள் ஊர்த் தேருக்குப் பங்குனியில் வந்திருக்கிறேன். இப்போது அச்சடித்த தொம்பை கட்டுகிறீர்கள் அல்லவா? அம்பிகையைத் தரிசித்துவிட்டுத் திரும்பிவிட்டேன்."

அவ்வளவுதான் சொன்னார். குரலில் கோபமும் இல்லை, குறையும் இல்லை. அந்த முடிவைச் செய்த மனிதன் எதிரே அமர்ந்திருக்கிறான் என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அன்றிரவு சத்திரத்துத் திண்ணையில் உறக்கம் வரவில்லை. விடிந்ததும் அவர் காவிரியில் நீராடி வரும் வழியில் நின்றேன். "அந்த அச்சுத் தொம்பைக்குக் கையெழுத்துப் போட்டவன் நான்தான்" என்றேன். அவர் ஈரத்துணியைப் பிழிந்தபடி சிறிது நேரம் நின்றார்.

"பழையவற்றை என்ன செய்தீர்கள்?"

எனக்குத் தெரியவில்லை. எட்டு ஆண்டுகளில் ஒருநாளும் அதை நான் நினைத்ததில்லை.

"போய்த் தேடுங்கள். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. தேருக்கான அளவும், எந்த முகத்தில் எந்த உருவம் என்ற முறையும் அதில்தான் இருக்கும். அது போய்விட்டால் நானும் ஊகித்துத்தான் எழுதவேண்டும்." இவ்வளவு சொல்லிவிட்டு, "வாருங்கள், இன்று படிகாரம்" என்று அழைத்துப் போனார்.

படிகார வேலையை நான் மறக்கமாட்டேன். எங்கெல்லாம் சிவப்பு வரவேண்டுமோ அங்கெல்லாம் படிகாரம் கரைத்த நீரைத் தீட்டவேண்டும். தீட்டியது உலர்ந்தபின் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றும் தெரியவில்லை. வீண்வேலை செய்கிறோமோ என்று தோன்றியது. பின்னர்ச் செப்பு அண்டாவில் சாயம் கொதித்தது. முற்காலத்தில் சோழமண்டலக் கரையில் தோண்டிய சாயவேரைப் போட்டனராம். இம்பூரல் என்பது அதன் மற்றொரு பெயர். அது கிடைப்பது அரிதானதால் இப்போது மஞ்சிட்டி வேர். துணியை அதில் அமிழ்த்திக் கழியால் புரட்டப் புரட்ட, படிகாரம் பட்ட இடங்கள் மட்டும் சிவந்து எழுந்தன. நான் தீட்டிய பூவிதழ் ஒன்றும் சிவந்தது. தீட்டும்போது தெரியாதது கொதியில்தான் தெரிந்தது. நான் செய்த பிழையும் அப்படித்தான் எட்டு ஆண்டுகள் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது என்று எண்ணிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் காவிரியில் அலசினோம். தேங்கிய நீரில் அலசினால் பிரிந்த சாயம் வேறிடத்தில் ஒட்டிக்கொள்ளும், ஓடும் நீர்தான் வேண்டும் என்றார். இடுப்பளவு நீரில் அவர் துணியைப் பிடித்துக்கொண்டு நின்ற காட்சி, தீர்த்தவாரியில் நிற்பவரைப் போலவே இருந்தது.

ஊர் திரும்பிய மறுநாளே வாகன மண்டபத்தைத் திறக்கச் செய்தேன். ரிஷப வாகனத்துக்குப் பின்னால், குதிரை வாகனத்தின் கால்களுக்கு அண்டையாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன அந்த ஆறு தொம்பைகள். நான்கு, எலியும் கறையானும் தின்ற எச்சம். ஒன்று பாதி. ஒன்று மட்டும் முழுதாய் இருந்தது. வெளியே கொண்டுவந்து விரித்தபோது, வெயிலில் யாளியின் கண் என்னையே பார்த்தது.

அன்று மாலை பழைய கணக்குப் புத்தகங்களை எடுத்தேன். அச்சுத் தொம்பைகள் இரண்டாண்டு வெயிலில் வெளுத்து, உரிந்து, எட்டு ஆண்டுகளில் மூன்று முறை மீண்டும் வாங்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு முறையும் நானே பற்று எழுதியிருந்தேன். நான்கு கால் சேர்ந்தால் ஒன்று. மிச்சம் என்று நான் நினைத்த தொகை முழுவதும் செலவாகியிருந்தது. துணியும் இல்லை, எழுதிய கைக்குக் கூலியும் இல்லை. கைங்கரியத்தில் கணக்குப் பார்ப்பது தவறன்று. நான் பார்த்தது பாதிக் கணக்கு. செய்கிறவருடைய அடுப்பு எரிகிறதா என்ற பத்தி என் பேரேட்டில் இல்லாமற் போயிற்று.

குழுவைக் கூட்டினேன். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். பணம் எங்கே என்று கேட்டனர். நியாயமான கேள்வி. ஆண்டுக்கு ஒரு தொம்பை என்று முடிவாயிற்று. முதல் தொம்பையின் செலவை நான் ஏற்றேன். முழுதாய் இருந்த பழைய தொம்பையை எடுத்துக்கொண்டு கொள்ளிடக் கரைக்கு நானே போனேன். முதியவர் அதைத் தரையில் விரித்து, சாணளவால் அளந்து, நெடுநேரம் பேசாமலிருந்தார். பிறகு, "இந்தக் கொடி முடிச்சு எனக்கு மறந்தே போயிருந்தது" என்றார். என் பேத்தி தை விடுமுறையில் அவருடன் இருந்து அந்த முடிச்சைக் கற்றாள். புதிய தொம்பையின் அடிப்பகுதியிலுள்ள இலைகள் அவள் எழுதியவை.

இந்தப் பங்குனியில் எங்கள் தேர் ஐந்து அச்சுத் தொம்பைகளோடும் ஒரு கைத்தொம்பையோடும் புறப்பட்டது. பொருத்தமாக இருந்ததென்று சொல்லமாட்டேன். பளபளப்பான ஐந்துக்கு நடுவே அது சற்று மங்கலாகவே தெரிந்தது. வடம் பிடித்த ஒரு மூதாட்டி, "அந்த ஒன்று மட்டும் ஏன் வேறு மாதிரி இருக்கிறது?" என்று என்னைக் கேட்டார். தூரத்திலிருந்து பார்த்தாலும் எல்லாம் ஒன்றல்ல என்று அப்போது அறிந்தேன். முதியவர் கூட்டத்தில் நின்று, தேர் நிலை பெயர்ந்ததும் கைகளைத் தலைமேல் குவித்தார்.

ஆறாவது தொம்பை ஏறும்போது எனக்கு வயது எண்பதாகும். பார்ப்பேனா என்பது ஈசன் சித்தம். இதனைப் படிக்கும் அன்பர்களிடம் ஒரே ஒரு விண்ணப்பம். அடுத்த முறை உங்கள் ஊர்க் கோயிலுக்குப் போகும்போது, வாகன மண்டபத்தை ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அங்கே சுருட்டி வைத்த துணி ஏதேனும் இருந்தால், அதை எழுதத் தெரிந்த ஒருவர் எங்கேனும் இருப்பார். கேட்பதற்கு ஒருவர் வருவாரா என்று அவர் காத்திருப்பார்.