நாற்பக்கல்

புனேயில் எங்கள் மாணவர் ஐக்கியம் ஞாயிறு மாலைகளில் கூடும் சிறிய கூடத்தின் சுவரில், நான்கு மாதங்களாக ஒரு வரைபடம் தொங்குகிறது. இலங்கையின் மத்திய மலைநாடு. அட்டனுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டப் பகுதியில் சிவப்புப் புள்ளி. வரும் விடுமுறையில் பத்து நாள் ஊழியப் பயணமாக அங்கே செல்ல 11 பேர் பெயர் கொடுத்திருந்தோம். மிசோரம், நாகாலாந்து, அகமதுநகர், கேரளம் எனப் பல ஊர்க்காரர்கள். தமிழ் அறிந்தவர் இருவர். அவ்விருவரில் ஒருவன் நான் என்பதால் ஆயத்தப் பொறுப்பு என்னிடம் வந்தது.

திட்டம் வழக்கமானதுதான். பிள்ளைகளுக்கு ஆங்கில முகாம், பாட்டு, விளையாட்டு, உடை விநியோகம். நன்கொடைக் கடிதத்தை நானே எழுதினேன். இணையத்தில் கிடைத்த, மெலிந்த தோட்டச் சிறுமி ஒருத்தியின் படத்தையும் அதன் தலைப்பில் வைத்தேன். அவள் யார், அவள் பெற்றோர் இசைந்தனரா என்றெல்லாம் அப்போது எண்ணவில்லை. இன்று அக்கடிதத்தைத் திறக்கவே கூசுகிறது.

எங்களை வரவேற்கவிருந்த குருவானவருக்குத் திட்டத்தை அனுப்பினோம். மூன்று வாரம் கழித்து வந்த பதில் மிகவும் மரியாதையானது, மிகவும் தெளிவானது. பழைய துணி வேண்டாம். ஆங்கில முகாம் சென்ற ஆண்டு வேறொரு குழு நடத்திவிட்டது. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் பிள்ளைகளுக்குத் தமிழில் கணிதம் கற்பிக்க முடியுமா? தோட்டப் பாடசாலைகளில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் தமிழ்மொழி ஆசிரியர் பற்றாக்குறை நெடுநாளையது. இறுதியாக ஒரு வரி: சுற்றுலா அனுமதியில் வந்து கற்பிப்பது முறையன்று, உரிய விசாவுக்குத் திருச்சபை வழியாகத் தாமே விண்ணப்பிக்க முயல்வதாக எழுதியிருந்தார்.

அன்றைய கூடுகை அமைதியாகவே முடிந்தது. தமிழில் கணிதம் என்றால் 11 பேரில் 9 பேருக்கு அங்கே வேலை இல்லை.

நான் ஆய்வு செய்வது பத்தொன்பதாம் நூற்றாண்டு மராத்தி அச்சுப் பண்பாடு. அதனால் பண்டித ரமாபாயின் பயண ஆயத்தம் அடிக்கடி நினைவுக்கு வரும். 1882இல் இதே புனேயில் இருந்துகொண்டு ‘ஸ்திரீ தர்ம நீதி’ என்ற மராத்தி நூலை எழுதினார். அதன் விற்பனைப் பணம், அடுத்த ஆண்டு அவர் இங்கிலாந்துக்குக் கப்பலேற உதவியது. கைம்பெண், கைக்குழந்தையோடு. தம் எழுத்தை விற்றுப் பயணச் செலவு தேடினார். நானோ முகமறியாச் சிறுமியின் படத்தை வைத்துத் தேடினேன். ஒப்பீடு மிகையானது என்று நண்பர் ஒருவர் சொன்னார். இருக்கலாம்.

வேறொரு முன்மாதிரியும் உண்டு. நம் வரலாற்று வகுப்புகளில் அதிகம் பேசப்படாதது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவ மாணவர்கள் தமக்கென ஓர் அயல்நாட்டு மிஷனெரி சங்கம் அமைத்து, கடலுக்கு இப்பால் தொண்டிப் பகுதிக்கு ஊழியர்களை அனுப்பினார்கள். இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு! 1902இல் யாழ்ப்பாணம் சென்ற வேதநாயகம் சாமுவேல் அசரியா அதைக் கண்டு வியந்து திரும்பினார். மறு ஆண்டே திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியது. அந்த மாணவர்கள் தம் மொழி பேசும் கரைக்கு அனுப்பினார்கள். திருநெல்வேலிச் சங்கத்தார் தோர்ணக்கல் பகுதிக்குச் சென்றபோது, தெலுங்கு கற்றே பணியாற்ற வேண்டியிருந்தது. மொழி அறிந்திருக்க வேண்டும், அல்லது கற்க வேண்டும். மூன்றாவது வழியை அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. நாங்கள் கண்டுபிடித்திருந்தோம். அதற்குப் பெயர் ஆங்கில முகாம்.

எனவே குழுவை நால்வராகச் சுருக்கி, மீதிப் பயணச் செலவை அங்குள்ள மாலை வகுப்பு ஆசிரியர்களின் ஊதியத்துக்குக் கொடுக்கலாம் என்று முன்மொழிய எண்ணினேன். எழுதிப் பார்த்தேன். அந்த நால்வரில் என் பெயர் முதலில் இருந்தது. அங்கேதான் கை நின்றது.

இதுவரை குழுவிடம் நான் சொல்லாத செய்தி ஒன்று உண்டு. என் அம்மாயி அந்த மலையில் பிறந்தவர். லயக் காம்பராவில் வளர்ந்து, பன்னிரண்டு வயதில் கொழுந்து கிள்ளத் தொடங்கியவர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப் பத்து ஆண்டுகள் கழித்துச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டனர். எங்கள் குடும்பமும் அப்படித்தான் பிரிந்தது. அம்மாயி தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாகக் கோத்தகிரி வந்து, மறுபடியும் தேயிலைத் தோட்டத்திலேயே வேலைக்குச் சேர்ந்தார். திருமணமாகியிருந்த அவருடைய அக்கா அங்கேயே நின்றுவிட்டார். 1983க்குப் பிறகு கடிதம் வரவில்லை.

தொலைபேசியில் பயணத்தைப் பற்றிச் சொன்னேன். வெகுநேரம் மறுமொழி இல்லை. பிறகு கேட்டார்: “நீ புள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லப் போறியா, எங்க அக்காவத் தேடப் போறியா, சாமி?”

இரண்டுக்கும் என்றேன்.

“அப்ப பாடத்த முடிச்சிட்டுத் தேடு. அவுங்க காசுல தேடாத.”

அடுத்த ஞாயிறு குழுவிடம் அனைத்தையும் சொன்னேன். என் பெயரை நீக்கிவிட்டு முடிவெடுக்கும்படி கேட்டு வெளியே சென்று நின்றேன். அழைத்து உட்கார வைத்தபோது, நால்வர் என்பது ஐவராகியிருந்தது. நானும் இருந்தேன். வகுப்புகள் முடிந்த பின் இரண்டு நாள் என் சொந்தச் செலவில் தங்கிக்கொள்ளலாம். ஐந்தாமவர், கணிதத்தில் முனைவர் பட்டம் செய்யும் மிசோ நண்பர். எங்களுள் மிகச் சிறந்த ஆசிரியர் அவரே. கரும்பலகைக்குப் போதுமான தமிழைக் கற்றுக்கொண்டு வருவதாகச் சொன்னார். நான் நம்பவில்லை. இப்போது நம்புகிறேன்.

நன்கொடைக் கடிதத்தைத் திரும்பப் பெற்று, படமின்றி, கணக்கு விவரத்தோடு மீண்டும் அனுப்பினோம். தொகை குறைவாகவே வருகிறது.

இலங்கைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்களை இணையத்திலிருந்து இறக்கிப் படித்தபோது எனக்கே பாடம் தொடங்கியது. நான் பள்ளியில் படித்த இயற்கணிதம் அவர்களுக்கு அட்சரகணிதம். வடிவியல், கேத்திரகணிதம். முக்கோணம், முக்கோணி. நாற்கரம், நாற்பக்கல். தமிழ் அறிந்தவன் என்ற தகுதியில் பொறுப்பேற்றவன் இப்போது மிசோ நண்பரின் அருகமர்ந்து சொற்பட்டியல் மனனம் செய்கிறேன். சென்ற வியாழன் சோதனையில் அவர் என்னைவிட இரண்டு மதிப்பெண் கூடுதலாகப் பெற்றார். நான் பழக்கத்தில் நாற்கரம் என்று எழுதிவிட்டேன்.