சேற்றில் நின்ற மின்சைக்கிள்

எங்கள் மாமாவுக்கு இரண்டு விசயத்தில் ஒருவரும் பாடம் எடுக்க முடியாது. ஒன்று சைக்கிள், மற்றது மூட்டை கட்டுவது. அதனால் 2023 இல் நான் நெவாடா பாலைவனத்துக்கு ‘பேர்னிங் மான்’ பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது, அம்மா “ஏன்?” என்று கேட்டா. மாமா “அங்க எதில ஓடித் திரியப்போறாய்?” என்று கேட்டார்.

மாமா கேட்டதுதான் சரியான கேள்வி. ஏனென்று சொல்கிறேன்.

1986 இல் சான் பிரான்சிஸ்கோவின் பேக்கர் கடற்கரையில் இரண்டு பேர் எட்டடி உயரத்தில் ஒரு மர மனிதனைச் செய்து எரித்தார்கள். அடுத்தடுத்த வருடங்களில் சனம் கூடிக்கொண்டே போனது. 1990 இல் இது நெவாடாவின் பிளாக் றொக் பாலைவனத்துக்கு மாறியது. இப்போது ஒவ்வொரு ஓகஸ்ட் கடைசியிலும் ஏறத்தாழ எழுபதாயிரம் பேர் அங்கே ஒரு நகரத்தைக் கட்டி, ஒரு கிழமை வாழ்ந்து, மனிதனை எரித்து, பிறகு ஒரு குப்பையும் விடாமல் கழற்றிக்கொண்டு போகிறார்கள். பிளாக் றொக் சிற்றி என்று அதற்குப் பெயர். கடை இல்லை. ஐஸ் மட்டும் காசுக்கு வாங்கலாம். தண்ணீர், சாப்பாடு, கூடாரம் எல்லாம் நீங்களே கொண்டுபோக வேண்டும். ‘யாரையும் நம்பியிராமல் உன்னை நீயே பார்த்துக்கொள்’ என்பது அவர்களுடைய பத்துக் கொள்கைகளில் ஒன்று. நான் ரிக்கற்றுக்கு 575 அமெரிக்க டொலர் கொடுத்தேன் என்று கேட்டதும் மாமா சொன்னார்: “உதை நாங்கள் காசு குடுக்காமலே படிச்சனாங்கள்.”

நகரத்தின் வடிவம் மணிக்கூடு மாதிரி. நடுவில் மனிதன் நிற்பான். இரண்டு மணியிலிருந்து பத்து மணி வரைக்கும் ஆரம்போலத் தெருக்கள் போகும். அவற்றைக் குறுக்கே வெட்டி வளைந்த தெருக்கள் ஆங்கில எழுத்து வரிசையில் வரும். உங்கள் விலாசம் ‘4:30 உம் ஈ தெருவும்’ என்று இருக்கும். குறுக்களவு மூன்று கிலோமீற்றருக்கு மேல். அதற்கு வெளியே, சிற்பங்கள் நிற்கிற வெட்டவெளி இன்னும் தூரம் போகும். காரைக் கொண்டுபோய் நிறுத்தினால் கடைசி நாள் வரைக்கும் அது அசையக்கூடாது. மீன், கப்பல், பறக்கும் தட்டு என்று உருமாற்றி அனுமதி எடுத்த வண்டிகள் மட்டும் ஓடலாம். மற்ற எல்லாருக்கும் கால், அல்லது சைக்கிள்.

மிதிக்கிற சைக்கிளுக்கு அந்த மண் பெரிய எதிரி. அது மணல் இல்லை. பழைய காலத்து லாஹொன்ரன் ஏரி வற்றிப்போன அடிப்படுக்கை, மா மாதிரி மெல்லிய காரத்தூள். வண்டிகள் ஓடி ஓடித் தூள் குவிந்த இடத்தில் மெல்லிய ரயர் புதைந்துபோகும். பகலில் 35 பாகைக்கு மேல் வெயில். அதனால் இப்போது நிறையப் பேர் நாலங்குல அகல ரயர் போட்ட மின்சைக்கிள் கொண்டு வருகிறார்கள். நானும் என் மச்சாளும் அதைத்தான் எடுத்தோம். ரொறன்ரோவிலிருந்து கொண்டுபோகவில்லை. 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பற்றறியைப் பயணிகள் விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள், மின்சைக்கிள் பற்றறி அதைப்போல மூன்று நாலு மடங்கு. றீனோ நகரத்தில் வாடகைக்கு எடுத்தோம்.

எங்கள் சைக்கிளின் பற்றறி 48 வோல்ற், 15 அம்பியர்-மணி. பெருக்கினால் 720 வாட்-மணி. இந்த எண்ணை ஞாபகத்தில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

முதல் நாலு நாளும் சந்தோசம் என்றால் அப்படி ஒரு சந்தோசம். விடிய ஐந்து மணிக்கு எழும்பி, சனம் நித்திரையாக இருக்கும்போது வெட்டவெளியின் விளிம்பு வேலி வரைக்கும் போய் வருவோம். இரவில் ஒவ்வொரு சைக்கிளிலும் நிற விளக்குகள், தூரத்திலிருந்து பார்த்தால் மின்மினிக் கூட்டம். புழுதிப்புயல் வந்தால் கைக்கெட்டிய தூரம்கூடத் தெரியாது. அப்போது சைக்கிளை விட்டு இறங்கி, விளக்கை எரிய விட்டு, மூக்கை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். நகரத்துக்குள் வேக எல்லை மணிக்கு ஐந்து மைல், அதாவது எட்டுக் கிலோமீற்றர். மாமாவுக்கு இது சிரிப்பு. “எட்டோ? அது நான் ரண்டு பேரை ஏத்திக்கொண்டு ட்றிபிள்ஸ் போற வேகம்.”

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மின்சைக்கிளில் போனால் நிறையப் பார்க்கலாம், குறையக் கதைக்கலாம். மிதிக்கிறவர்கள் களைத்து நிற்பார்கள். நின்ற இடத்தில் யாராவது எலுமிச்சைத் தண்ணீர் கொடுப்பார்கள், கதை தொடங்கும். எங்களுக்குக் களைப்பே வரவில்லை, அதனால் நிற்கவும் இல்லை. மூன்றாம் நாள் மச்சாள்தான் இதைக் கவனித்தா. அதற்குப் பிறகு மத்தியானத்தில் மோட்டரை நிறுத்திவிட்டு மிதித்தோம். முப்பது கிலோ சைக்கிளை அந்தத் தூளில் மிதித்துப் பாருங்கள், ஐந்து நிமிடத்தில் உங்களுக்கும் சிநேகிதர்கள் கிடைப்பார்கள்.

செப்ரெம்பர் 1, வெள்ளிக்கிழமை மழை தொடங்கியது.

பெய்தது ஒரு அங்குலத்துக்கும் குறைவு. ரொறன்ரோவில் அந்த மழைக்கு நாங்கள் குடைகூட விரிக்க யோசிப்போம். ஆனால் அந்தத் தூள் நனைந்தால் சீமெந்து மாதிரி ஆகிவிடும். சில்லு நாலைந்து தரம் சுற்றும், ரயரில் ஒட்டின சேறு மட்காட்டுக்குள் போய் இறுகும், அதோடு சில்லு நின்றுவிடும். மோட்டர் இழுத்துப் பார்க்கும், சூடேறும், கொன்றோலர் தன்னைத்தானே நிறுத்திவிடும். பற்றறியில் எண்பது சதவீதம் மின்சாரம் இருந்தது. 720 இல் ஏறத்தாழ 580 வாட்-மணி. பத்து அடி போக முடியவில்லை. எங்களைச் சுற்றி ஆயிரக்கணக்கான சைக்கிள்கள் விட்ட இடத்திலேயே நின்றன.

வாசலை மூடிவிட்டார்கள். உள்ளே வரவும் ஏலாது, வெளியே போகவும் ஏலாது. இருக்கிற சாப்பாட்டையும் தண்ணீரையும் மிச்சம் பிடியுங்கள் என்று அறிவித்தார்கள். சப்பாத்தோடு நடந்தால் ஒவ்வொரு அடிக்கும் கால் கனத்துக்கொண்டே போகும். காலுறைக்கு மேல் பொலித்தீன் பையைக் கட்டி நடந்தால் சேறு அவ்வளவாக ஒட்டாது என்று பக்கத்துக் கூடாரத்தார் காட்டித் தந்தார்கள். சில பேர் வெளித்தெரு வரைக்கும் பல மைல் நடந்தே போய்விட்டார்கள்.

ஒரு முகாமில் செய்மதி இணையம் இருந்தது. சனிக்கிழமை அங்கே போய் வீட்டுக்குச் செய்தி அனுப்பினேன். அம்மாவிடமிருந்து பதினேழு செய்தி வந்து கிடந்தது. எல்லாம் ஒரே கேள்வி. மாமாவிடமிருந்து ஒன்றே ஒன்று: “சைக்கிளை விடு. காலைக் காய விடு. மழைத்தண்ணியைப் பிடிச்சு வை.”

இதை எழுதினவர் 1995 ஒக்ரோபர் 30 இரவு, பதினேழு வயதில், யாழ்ப்பாணத்திலிருந்து தென்மராட்சிக்கு சைக்கிளை உருட்டிக்கொண்டு போனவர். இராணுவம் நெருங்கிக்கொண்டு வர, வலிகாமத்தை விட்டு எல்லாரையும் வெளியேறச் சொல்லி புலிகள் அறிவித்த இரவு அது. லட்சக்கணக்கான சனம், செம்மணியாலும் நாவற்குழிப் பாலத்தாலும். மழை. மாமாவின் சைக்கிளின் கரியரில் அரிசிச் சாக்கு, பாரில் அம்மம்மாவின் உடுப்புப் பெட்டி, ஹாண்டிலில் குடம். ஓடுவதற்கு இடமே இல்லை, சைக்கிள் அன்றைக்கு ஒரு தள்ளுவண்டிதான். குடையைத் தலைகீழாகப் பிடித்து மழைத்தண்ணீர் சேர்த்துக் குடித்தார்களாம். நடந்தால் அரை நாளில் முடிகிற தூரத்துக்கு இரவும் அடுத்த பகலும் போனது என்று சொல்லுவார். அதற்கு மேல் அந்தக் கதையில் சொல்ல மாட்டார்.

அதற்கு முதல் ஐந்து வருடத்தைப் பற்றி மட்டும் நிறையச் சொல்லுவார். 1990 இல் போர் மறுபடி தொடங்கிய பிறகு வடக்குக்குப் பெற்றோல் தடை, பற்றறியும் தடை. கைவிளக்குக்குப் போடுகிற சின்னப் பற்றறிகூட இல்லை. மோட்டார் சைக்கிளைச் சில துளி பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட விடுவார்கள். புகையும் மணமும் சொல்லி வேலையில்லை. மற்ற எல்லாத்துக்கும் சைக்கிள்: கல்யாண ஊர்வலம், விறகு, ஆஸ்பத்திரிக்குப் போகிற நோயாளி. செய்தி கேட்கிறதென்றால் சைக்கிளை ஸ்ராண்டில் விட்டு, டைனமோ வயரை றேடியோவில் பூட்டி, யாராவது ஒருவர் மிதிக்க வேண்டும். எங்கள் வீட்டில் மிதித்தது மாமா. செய்தி கேட்டது முழு ஒழுங்கையும்.

சைக்கிள் டைனமோ ஒன்று 3 வாட் தரும். நான் சேற்றில் விட்ட பற்றறியை அதில் நிரப்புவதென்றால் மாமா 240 மணித்தியாலம், இரவு பகலாகப் பத்து நாள் மிதிக்க வேண்டும். ஈரக் கூடாரத்துக்குள் படுத்திருந்து இந்தக் கணக்கைத்தான் போட்டேன். வேறு வேலை இல்லை.

இரண்டும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. எனக்குத் திரும்பிப் போக விமான ரிக்கற் இருந்தது, ரொறன்ரோவில் வீடு இருந்தது. ஆனால் ஒரு விசயம் உறுத்தியது. பேர்னிங் மானை விட்டு வெளியேறுகிற வாகன வரிசைக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் ‘எக்ஸொடஸ்’. 1995 பற்றி ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களும் அதே சொல்லைத்தான் பாவிக்கிறார்கள். திங்கட்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு வாகனங்களை விட்டார்கள், இரவு மனிதனை எரித்தார்கள். நாங்கள் செவ்வாய்க்கிழமை வெளிக்கிட்டு, மணித்தியாலக் கணக்காக வரிசையில் நின்று றீனோ போய்ச் சேர்ந்தோம். வினாகிரி கலந்த தண்ணீரால் இரண்டு சைக்கிளையும் தேய்த்துக் கழுவினோம். காரத்தூளுக்கு அமிலம், பத்தாம் வகுப்பு இரசாயனம். வீட்டுக்கு வந்து ‘எக்ஸொடஸ்’ கதையைச் சொன்னேன். மாமா தேத்தண்ணி குடித்துக்கொண்டு “அவங்கள் திரும்பவும் அடுத்த வருசம் போவாங்கள்தானே?” என்று மட்டும் கேட்டார்.

இப்போது எங்கள் இடத்துக்கு வருவோம். சென் ஜேம்ஸ் ரவுணில் பத்தொன்பது மாடிக் கட்டடங்கள், பிளாக் றொக் சிற்றியின் ஒரு மூலைக்குள் அடங்குகிற நிலம். எண்பதுகளில் எங்கள் அம்மா அப்பாமார் வந்து இறங்கிய இடம் இதுதான். இங்கே மின்சைக்கிள் விளையாட்டுச் சாமான் இல்லை. இரவு பதினொரு மணிக்கு எங்கள் லிஃப்ற்றில் ஏறிப் பாருங்கள், சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற பெடியள் இரண்டு பேராவது சைக்கிளோடு நிற்பார்கள். ஷேர்போர்ன் வீதியில் சைக்கிள் பாதை இருக்கிறது, புளோர் வீதி பக்கத்தில். அதில் உழைத்து அதில் படிக்கிறார்கள்.

எங்கள் மாடியில் ஒரு தம்பி இருக்கிறான். யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்தவன், ஒரு அறையில் மூன்று பேர். பகல் வகுப்பு, இரவு டெலிவரி. போன குளிர்காலத்துக்கு முதல் கட்டடத்தில் ஒரு அறிவித்தல் ஒட்டினார்கள்: மின்சைக்கிள் உள்ளே கொண்டுவரக்கூடாது. அவன் எங்கள் கதவைத் தட்டி, “அக்கா, நீங்கள் இஞ்சினியர்தானே, அவையளோட ஒருக்காக் கதைக்கிறியளோ?” என்று கேட்டான்.

அம்மா முதலில் அறிவித்தலின் பக்கம்தான் நின்றா. காரணம் இருக்கிறது. 2010 செப்ரெம்பரில் 200 வெல்லெஸ்லி எரிந்தது. 2018 ஓகஸ்ட் 21 இல் 650 பார்லிமென்ற் வீதியில் மின்சாரக் கோளாறால் தீ, ஆயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் வெளியே. எங்கள் பெரியம்மா குடும்பமும் அதில். ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆனது திரும்பிப் போக. இரண்டு தீயும் மின்சைக்கிளால் வந்ததில்லை. ஆனால் 2023 கடைசி நாளில் ஷெப்பர்ட்-யங் நிலையத்தில் சுரங்க ரயிலுக்குள் எரிந்தது மின்சைக்கிள்தான். அதற்குப் பிறகுதான் ரீ.ரீ.சீ. நவம்பர் நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரைக்கும் அவற்றை ஏற்றத் தடை போட்டது.

நான் அவனுடைய சைக்கிளைப் போய்ப் பார்த்தேன். பழையதாக வாங்கினது. பற்றறியில் யூ.எல். முத்திரை இல்லை, சார்ஜர் வேறு சைக்கிளுடையது. சார்ஜ் பண்ணுகிற இடம் வாசல் கதவுக்குப் பக்கம். தீ வந்தால் மூன்று பேரும் ஓட வேண்டிய ஒரே வழி அதுதான். நித்திரை கொள்ளும்போது பூட்டி விடுகிறான், குளிரில் உறைந்து வந்த பற்றறியைச் சூடேற விடாமல் உடனேயே பூட்டுகிறான். லித்தியம் பற்றறியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் பண்ணினால் உள்ளே உலோகம் படிந்து, பிறகு ஒருநாள் குறுக்குச்சுற்று வரலாம். இது ஒன்றும் அவனுக்கு ஒருவரும் சொல்லித் தந்ததில்லை. நீங்களும் மலிவாக ஒன்று வாங்க யோசித்தால், முதலில் அந்த முத்திரையைத் தேடுங்கள். ஒன்ராறியோவில் 16 வயது வேண்டும், தலைக்கவசம் வேண்டும், மோட்டர் 500 வாட்டுக்கு மேலும் வேகம் 32 கிலோமீற்றருக்கு மேலும் போகக்கூடாது என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

நிர்வாகத்தோடு நான் கதைத்தது சரிவரவில்லை. மாமா கதைத்தது தன் முதலாளியோடு. மாமா வேலை செய்கிற கராஜில் சீமெந்துத் தரை, தீயணைப்பான், பகல் முழுக்க ஆள் நடமாட்டம். முத்திரை போட்ட பற்றறி ஒன்றும் அதற்கான சார்ஜரும் வாங்க மச்சாளும் நானும் பாதிக் காசு போட்டோம், அவன் மாதம் மாதம் திருப்பித் தருகிறான். விடிய வகுப்புக்குப் போகும்போது சைக்கிளை அங்கே விடுகிறான், பின்னேரம் நிரம்பின பற்றறியோடு எடுக்கிறான். இரவு அதைக் கராஜின் வேலிக்குள் பூட்டிவிட்டு நடந்து வருகிறான். அம்மா இப்போது அவனுக்குச் சாப்பாடு கட்டி வைக்கிறா.

குளிரில் பற்றறி கெதியாக இறங்கும். ஜனவரியில் ஒரு இரவு டான்ஃபோர்த்தில் முழுக்க முடிந்து, ரயிலிலும் ஏற்ற முடியாமல், விளக்கும் இல்லாமல் பாலத்தால் மிதித்துக்கொண்டு வந்தான். அடுத்த நாள் மாமா எங்கேயோ தேடி ஒரு பழைய டைனமோவைக் கொண்டுவந்து அவனுடைய சைக்கிளில் பூட்டிக் கொடுத்தார். சில்லு சுற்றுகிற வரைக்கும் லைற் எரியும்.