கூட்டுக் காசு

2024 ஜூன் மாதம் அந்தப் பழுப்பு உறை வந்தது. மேலே 'உருசான் செரி படுகா பகிண்டா' என்று அச்சடித்திருந்தது. இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு அந்த நான்கு வார்த்தைகளைப் பார்த்தாலே வயிற்றில் லேசாக ஏதோ புரளும். அம்மா அதைப் பிரிக்காமல் சாமி மேடைப் பக்கத்தில் வைத்திருந்தார். "கவர்மென்டு கடுதாசி. நீயே பிரிச்சிக்கோ."

வருமான வரி. 2020-ஆம் ஆண்டுக்கான வங்கிக் கணக்கு அறிக்கைகளைக் கேட்டிருந்தார்கள். கொடுத்தேன். ஆகஸ்டில் இரண்டாவது கடிதம் வந்தது, இந்த முறை ஒரு எண்ணோடு. அந்த ஆண்டு நான் காட்டிய சம்பளம் 41,600 ரிங்கிட். அதைத் தவிர என் கணக்கில் வந்து விழுந்த தொகை 137,000 ரிங்கிட். இது எங்கிருந்து வந்தது என்று ஆவணங்களோடு விளக்க வேண்டும்.

என்னுடைய ஆண்டுச் சம்பளத்தைப்போல மூன்று மடங்குக்கும் மேல். நானே யாரையோ சந்தேகப்படுவதுபோல அந்த எண்ணைப் பார்த்தேன்.

சொல்லப்போனால் கதை ரொம்பச் சாதாரணமானது. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. நான் வேலை செய்யும் பாமாயில் சுத்திகரிப்பு ஆலை நிற்கவில்லை, ஆனால் ஷிப்டு பாதியானது. மீதி நேரம் காப்பார் வீட்டின் மேல்மாடியில் கைப்பேசியோடு. அந்த வருஷம் மலேசியாவில் என் வயதுக்காரர்கள் யாரைக் கேட்டாலும் ஒரே பேச்சு, கையுறை. டாப் குளோவ், சூப்பர்மேக்ஸ், ஹார்தலேகா, கோசான். உலகமே கையுறைக்கு வரிசையில் நிற்கிறது, அதைச் செய்கிற ஆலைகள் எங்கள் வீட்டிலிருந்து மோட்டாரில் பதினைந்து நிமிடம், மேருவில். சின்ன வயதிலிருந்து அந்த லாரிகளுக்குப் பின்னால்தான் போயிருக்கிறோம். அதன் பங்கு வாங்கலாம் என்று அதுவரை தோன்றியதில்லை.

என் சேமிப்பு 6,000. அப்பா ஊழியர் சேமநிதியிலிருந்து ஐ-லெஸ்தாரி திட்டத்தில் மாதம் 500 எடுத்து என் கணக்கில் போட்டார், ஆறு மாதம், 3,000. ஜூன் மாதம் அம்மா ஒரு பிளாஸ்டிக் பையில் 22,000 ரிங்கிட் ரொக்கமாகக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "கூட்டுக் காசு. நீதான் நல்லா பண்றியே, இதையும் போடு." அதை எண்ணி, இரண்டு தடவையாக வங்கி இயந்திரத்தில் போட்டேன். வேறு எதுவும் கேட்கவில்லை. இருபத்து மூன்று வயதில், லாபத்தில் இருக்கிறவன் எதையும் கேட்பதில்லை.

ஆகஸ்டில் 58,000 லாபத்தில் இருந்தேன். செப்டம்பரில் போனஸ் பங்குகள் வந்தன. நவம்பர் 9-ஆம் தேதி ஃபைசர் தடுப்பூசி வேலை செய்கிறது என்ற செய்தி வந்தது. உலகம் நிம்மதிப் பெருமூச்சு விட்டது, நான் விடவில்லை. அதே நவம்பரில் மேரு விடுதிகளில் 'தெராத்தாய்' தொற்றுத்திரள் வெடித்தது. 5,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள். வங்காளதேசத்து, நேப்பாளத்து ஆட்கள், ஓர் அறையில் அடுக்கடுக்காகப் படுக்க வைக்கப்பட்டவர்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது முதலில் நான் பார்த்தது பங்கின் விலையைத்தான். இதை இங்கே எழுதிவிடுவது நல்லது.

எல்லாவற்றையும் விற்று வெளியே வந்தபோது கையில் நின்ற லாபம் 27,000. அம்மாவின் 22,000-ஐ 30,000-ஆகத் திருப்பிக் கொடுத்தேன். மீதியில் பெரும்பகுதி பின்னால் வீட்டுக்கு முன்பணமாகப் போனது.

அப்படியானால் 137,000 எங்கிருந்து வந்தது? இது பொறியியல் படித்தவனுக்கு ஒரு நிமிட வேலை. ஆலையில் நிறைச் சமன் போடுவோம்: உள்ளே வந்தது, வெளியே போனது, தொட்டியில் நிற்பது. ஒரே எண்ணெய் குழாயில் நான்கு முறை சுற்றி வந்தால் அளவி நான்கு முறை எண்ணும். தரகு நிறுவனத்திலிருந்து ஏழு தடவை பணம் எடுத்து, திரும்பத் திரும்ப உள்ளே அனுப்பியிருந்தேன். எடுத்ததன் கூட்டுத்தொகை 112,000. அப்பாவின் 3,000. அம்மாவின் 22,000. கூட்டினால் சரியாக 137,000. ஒரு விரிதாளில் போட்டு, அம்புக்குறி எல்லாம் வரைந்து, பெருமையாக அச்செடுத்துக்கொண்டேன்.

வரித்துறையும் இதே வேலையைத்தான் செய்கிறது என்று அப்புறம்தான் புரிந்தது. அதற்குப் பெயர் மூலதன அறிக்கை. ஆண்டுத் தொடக்கத்தில் உன்னிடம் என்ன இருந்தது, முடிவில் என்ன இருக்கிறது, நடுவில் எவ்வளவு செலவழித்தாய். இடைவெளியை உன் வருமானம் விளக்கவில்லை என்றால், அந்த இடைவெளியே வருமானம்.

பங்கு லாபத்துக்கு மலேசியாவில் வரி கிடையாது என்றுதான் எல்லாரும் சொல்வோம். பாதி உண்மை. 1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் முதலீட்டு ஆதாயத்துக்கு அப்போது வரி இருக்கவில்லை. பர்சாவில் பட்டியலிட்ட பங்கைத் தனியாள் விற்றால் இன்றும் இல்லை. ஆனால் நீ வியாபாரமாகவே வாங்கி விற்கிறாய் என்று முடிவு செய்தால் 4(a) பிரிவின்கீழ் அது வணிக வருமானம். எத்தனை தடவை வாங்கினாய், எத்தனை நாள் வைத்திருந்தாய், கடன் வாங்கிச் செய்தாயா என்றெல்லாம் பார்ப்பார்கள். நான் ஏழு மாதத்தில் 94 தடவை.

பயத்தில் இரவெல்லாம் வழக்குகளைத் தேடிப் படித்தேன். இங்கிலாந்தில் 1979-இல் சால்ட் எதிர் சேம்பர்லின் என்று ஒன்று. கணினியை வைத்துச் சந்தையைக் கணித்துவிடலாம் என்று நம்பிய ஓர் ஆலோசகர். 200-க்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகள், எல்லாம் சேர்ந்து நஷ்டம். 'நான் வியாபாரி, என் நஷ்டத்தை மற்ற வருமானத்தில் கழியுங்கள்' என்று கேட்டார். இல்லை, நீங்கள் வியாபாரி இல்லை, வெறும் தனியாள் என்றது நீதிமன்றம். அதாவது தோற்றவன் தன்னை வியாபாரி என்கிறான், வரித்துறை இல்லை என்கிறது. ஜெயித்தவனிடம் இருவரும் இடம் மாறிக்கொள்கிறார்கள். அந்த இரவு எனக்குச் சிரிப்பு வந்த ஒரே இடம் இதுதான்.

சிரிக்க முடியாத வழக்கு இந்தியாவினுடையது. சுமதி தயாள் வழக்கு, உச்ச நீதிமன்றம், 1995. பெங்களூர், மதராஸ், ஹைதராபாத் குதிரைப் பந்தயங்களில் குறுகிய காலத்தில் ஜாக்பாட்டுக்கு மேல் ஜாக்பாட் அடித்ததாக ஒரு பெண்மணி கணக்குக் காட்டினார். ஆவணங்கள் இருந்தன. இருந்தும், காகிதம் சொல்வதை மட்டும் பார்க்க முடியாது, மனித வாழ்க்கையில் இப்படி நடக்கச் சாத்தியம் உண்டா என்று பார்க்க வேண்டும் என்றது தீர்ப்பு. விலையில்லாத பங்குகளை வாங்கி ஒரே ஆண்டில் பல மடங்கு விலைக்கு விற்றதாகக் காட்டும் வழக்குகளில் இன்றுவரை அதையே எடுத்து வைக்கிறார்கள்; 2022-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் சுவாதி பஜாஜ் வழக்கில் அந்த அளவுகோலைத்தான் பிடித்தது. அங்கே தரகர் சீட்டு, வங்கிக் கணக்கு எல்லாம் கச்சிதமாக இருந்தன. அந்தக் கச்சிதமே போதவில்லை.

என்னிடம் எல்லாம் கச்சிதமாக இருந்தது. 22,000-ஐத் தவிர.

கிள்ளானில் என்னைச் சந்தித்த அதிகாரி என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர், மரியாதையானவர். விரிதாளை விரல் வைத்துப் படித்தார். 112,000-ஐ ஒரு மணி நேரத்தில் ஒத்துக்கொண்டார். 94 தடவையைப் பற்றிச் சில கேள்விகள். முழுநேர வேலை இருக்கிறது, அதற்கு முன்னும் பின்னும் பெரிதாகச் செய்ததில்லை என்றதும் அதையும் விட்டார். அப்பாவின் 3,000-க்குச் சேமநிதி அறிக்கை இருந்தது. பிறகு பேனாவை 22,000-இல் வைத்தார். 'இது?'

அம்மா கொடுத்தது.

'அம்மா என்ன வேலை செய்கிறார்?'

வீட்டில் இருக்கிறார். காலையில் கொஞ்சம் நாசி லெமாக் கட்டிக் கடைக்குக் கொடுப்பார்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அந்த 1995 தீர்ப்பு காதில் கேட்டது. நாசி லெமாக் கட்டும் பெண்மணி, ஊரடங்குக் காலத்தில், 22,000 ரொக்கம்: மனித வாழ்க்கையில் சாத்தியம் உண்டா?

'கூட்டு' என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். இந்த நாட்டுச் சட்டப் புத்தகத்தில் நம் பாஷைச் சொற்கள் எத்தனை இருக்கும் என்று தெரியாது. ஒன்று நிச்சயமாக இருக்கிறது. 1971-ஆம் ஆண்டின் கூட்டு நிதி தடைச் சட்டம். ஆங்கிலத் தலைப்பிலும் 'கூட்டு' என்றே இருக்கிறது. தமிழிலிருந்து சட்டத்துக்குள் நுழைந்த அந்தச் சொல், தடை செய்யப்பட்ட பொருளாகத்தான் நுழைந்திருக்கிறது. எங்கள் தாமானில் கூட்டு கட்டாத வீடு ஒன்றோ இரண்டோதான். சீன, மலாய் வீடுகளிலும் உண்டு. வங்கி நம்மை உட்கார வைத்துப் பேசாத காலத்தில் கல்யாணம், காலேஜ், கருமாதி எல்லாம் அதில்தான் நடந்தன. அதிகாரியிடம் உண்மையைச் சொன்னால் அடுத்த கேள்வி, 'யார் யார்?' என்பதாக இருக்கும்.

இரண்டு வாரம் அவகாசம் கேட்டுக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கூட்டுப் புத்தகத்தைக் கேட்டேன்.

555 புத்தகம். உள்ளங்கை அளவு, கடன் எழுதவென்றே பிறந்தது. அம்மா தருவதற்குத் தயங்கினார். "உனக்கு எதுக்கு அது? என் காசுன்னு எழுதிக் குடு, நான் கையெழுத்துப் போடறேன்." வற்புறுத்தியதும் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

2020-இல் அம்மா இரண்டு கூட்டு நடத்தினார், ஒவ்வொன்றிலும் இருபது பேர், மாதம் 500. அதாவது ஒரு கூட்டுக்கு மாதம் 10,000. ஜூன் மாதப் பக்கத்தில் இரண்டும் வசூலாகியிருக்கின்றன. எல்லார் பெயருக்கு நேரேயும் டிக். 20,000. மீதி 2,000 அம்மாவின் சங்கிலி, அடகுக் கடைச் சீட்டு புத்தகத்தின் அட்டைக்குள்ளேயே இருந்தது. ஆனால் அந்த மாதம் கூட்டு எடுக்கும் முறை அம்மாவுடையது அல்ல. தலைக் கூட்டாக அம்மா தன் பங்கை ஜனவரியிலேயே எடுத்துவிட்டார். ஜூன் மாதம் ஒரு கூட்டில் ஏழாம் நம்பர், இன்னொன்றில் பன்னிரண்டாம் நம்பர். இருவருக்கும் நேரே 'நவம்பர் கொடுத்தது' என்று அம்மாவின் சரிந்த எழுத்து.

பன்னிரண்டாம் நம்பர் எங்கள் அத்தை. அவரிடம் சொல்லிவிட்டுத்தான் எடுத்திருக்கிறார். ஏழாம் நம்பர் அக்கா பின் வரிசை வீடு. கையுறை ஆலை கேன்டீனில் வேலை செய்தவர், மார்ச்சிலிருந்து சம்பளமில்லை. அவர் வீட்டுக்காரரின் வேன் அந்த வருஷம் முழுக்க ஓடாமல் வாசலில் நின்றது எனக்கு நினைவிருக்கிறது. அந்த வேனை ஓட வைக்கத்தான் ஜூன் மாதம் கூட்டு கேட்டாராம்.

"அவங்ககிட்ட என்னம்மா சொன்னீங்க?"

"எம்சிஓ, யாரும் காசு கட்டலன்னு சொன்னேன்."

கட்டியிருந்தார்கள். அந்தக் காலத்திலும் இருபது பேரும் கட்டியிருந்தார்கள். யாரோ 300, பிறகு 200 என்று பிரித்து, நடந்து வந்து, முகக்கவசத்தோடு கதவுக்கு வெளியே நின்று கொடுத்திருக்கிறார்கள். ஏழாம் நம்பர் அக்காவும் அந்த மாதம் 500 கட்டியிருக்கிறார். அவர் பெயருக்கு நேரேயும் டிக் இருக்கிறது.

"நவம்பர்ல முழுசா குடுத்துட்டேன்ல" என்றார் அம்மா. கொஞ்ச நேரம் கழித்து, "நீ சம்பாரிச்சி குடுக்குறேன்னு சொன்னப்ப எனக்கு சந்தோஷமா இருந்திச்சி. ஒன்னும் தோணல" என்றார். நான் கொடுத்த கூடுதல் 8,000-இல் சங்கிலி மீண்டது. முன்வாசலுக்குக் கூரை போட்டோம்.

எங்கள் பாட்டி ஒரு மைக்கா ஹோல்டிங்ஸ் பங்குப் பத்திரத்தைச் சாகும்வரை டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். எண்பதுகளில் தோட்டம் தோட்டமாகப் போய், இந்தியர்களின் எதிர்காலம் என்று சொல்லி வாங்கிய காசு. 1990-இல் டெலிகோம் பங்குகள் 10 மில்லியன் மைக்காவுக்கு ஒதுக்கப்பட்டு, 1 மில்லியன்தான் மைக்காவுக்கு வந்தது. 9 மில்லியன் வேறு மூன்று நிறுவனங்களுக்குப் போனது. 1992-இல் அது வெளியே வந்து நாடே பேசியது. விசாரணை நடந்தது, வழக்கு நடக்கவில்லை. 2010-இல் பங்குக்கு 80 சென் என்று வந்து வாங்கிக்கொள்ள ஆள் வந்தபோது பாட்டி இல்லை. அந்தக் கதையைக் கோபத்தோடு சொல்லித்தான் எங்கள் வீட்டில் சாப்பாடு இறங்கும். மத்தவன் காசை எடுத்து ஆடினவங்க என்பார் அப்பா. 555 புத்தகத்தை மூடியபோது எனக்கு அந்தக் கோபம் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

சட்டப்படி எனக்கு வழி இருந்தது. மதிப்பீடு வந்த 30 நாளுக்குள் கியூ பாரத்தில் மேல்முறையீடு செய்யலாம், சிறப்பு ஆணையர்கள் முன் போகலாம். நிரூபிக்கும் பாரம் என்னுடையது. நிரூபிக்க என்னிடம் இருந்தது நாற்பது பெண்களின் பெயர் எழுதிய ஒரு குட்டிப் புத்தகம். அம்மாவின் சேமிப்பு என்று கடிதம் கொடுத்திருக்கலாம்; அந்த அதிகாரி ஒருவேளை ஏற்றுக்கொண்டும் இருப்பார். அம்மா பேனாவோடு தயாராகவே இருந்தார். அந்த வாக்கியத்தை மலாயில் தட்டச்சு செய்து பார்த்தேன். 'என் தாயாரின் சொந்தப் பணம்.' அச்செடுக்கவில்லை.

22,000-ஐ என் வருமானமாகவே சேர்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். 'நிச்சயமாகவா?' அபராதத்தோடு சேர்த்து 3,000-ஐத் தாண்டவில்லை. இதே தொகையை மே 31 வரை நடந்த தன்விருப்ப அறிவிப்புத் திட்டத்தில் காட்டியிருந்தால் அபராதமே இல்லை. அந்த விளம்பரத்தை வானொலியில் கேட்டு, இதெல்லாம் டத்தோக்களுக்கு என்று சேனலை மாற்றியவன் நான். அந்தப் பணத்தை நான் சம்பாதிக்கவில்லை என்பது எனக்கும் அம்மாவுக்கும் தெரியும். இப்போது அரசாங்கப் பதிவேட்டில் அது என் வருமானம். பொய்தான். எந்தப் பொய் என்று தேர்ந்தெடுத்ததாக மட்டும் சொல்லலாம்.

அம்மா இன்னும் கூட்டு நடத்துகிறார், ஒன்றுதான். போன மாதம் சம்பள வாரத்தில் ஏழாம் நம்பர் அக்கா வந்தார். இப்போது அவர் மூன்றாம் நம்பர். கூரைக்குக் கீழே செருப்பைக் கழற்றிவிட்டு, 500-ஐ அம்மா கையில் கொடுத்தார். அம்மா எண்ணினார், டிக் போட்டார், தேத்தண்ணி கலக்க உள்ளே போனார். நான் சோபாவில் இருந்தேன்.

"தம்பி, இன்னும் ஷேரெல்லாம் பண்றியா?" என்று கேட்டார் அக்கா. "அடுத்த மாசம் என் கூட்டு. எடுத்து உன்கிட்ட குடுத்தா அம்மாவுக்குப் போட்ட மாதிரி எனக்கும் போட்டுத் தருவியா?"