பேக்கனும் பாகும்

பேக்கன் துண்டுகளில் சர்க்கரையும் மிளகாய்த்தூளும் தடவி ஓவனில் சுட்டெடுக்கும் பண்டத்தை அமெரிக்காவில் கறிச் சமையல் கணக்கில்தான் சேர்க்கிறார்கள். என்னைக் கேட்டால் அது மிட்டாய் வேலை. கறி வெந்ததா என்று பார்ப்பதை விட்டுவிட்டு, பாகு பதத்துக்கு வந்ததா என்று பார்க்கத் தொடங்கினால் பாதிக் கஷ்டம் தீர்ந்துவிடும்.

*

பன்றியின் வயிற்றுப் பகுதியை உப்பு, கொஞ்சம் சர்க்கரை, சோடியம் நைட்ரைட் சேர்த்து ஊறவைத்து, புகை காட்டி, நீளவாக்கில் சீவினால் அமெரிக்க பேக்கன். இங்கிலாந்தில் பேக்கன் என்று கேட்டால் பெரும்பாலும் முதுகுப் பக்கத்துக் கறியைத் தருவார்கள். கொழுப்பு குறைவு, இந்த வேலைக்கு ஆகாது.

வாங்கும்போது 'திக் கட்' என்று போட்டிருப்பதைத்தான் எடுக்க வேண்டும். மெல்லிய துண்டு என்றால் சர்க்கரை இறுகுவதற்குள் கறி காய்ந்து கருகிவிடும். இன்னொன்று: பேக்கன் பாக்கெட்டில் உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி ஒரு கண்ணாடித்தாள் ஜன்னல் இருக்கும். ஒரு துண்டின் நீளத்தில் 70 சதவீதமாவது அதில் தெரிய வேண்டும் என்பது அமெரிக்க அரசின் விதி. நல்ல விதி. பாக்கெட்டைத் திருப்பி அதைப் பார்க்காமல் கூடையில் போடக்கூடாது. வெள்ளையும் சிவப்பும் பாதிப்பாதி இருப்பது உத்தமம். வெள்ளை மட்டும் தெரிந்தால் சுட்டபின் பாதிதான் மிஞ்சும்.

புகையிலும் வித்தியாசம் உண்டு. ஹிக்கரி விறகின் புகை முரட்டு வாசனை, ஆப்பிள் மரத்தின் புகை சாது. மிளகாயோடு நிற்க ஹிக்கரிதான் சரி.

*

அளவு: 450 கிராம் பேக்கனுக்கு (தடித்த துண்டு என்றால் ஒரு டஜன் போல வரும்) பிரவுன் சுகர் அரை கப், அழுத்தி அளந்தது. கெயன் மிளகாய்த்தூள் அரை டீஸ்பூன். ஒன்றிரண்டாகப் பொடித்த மிளகு ஒரு டீஸ்பூன். உப்பு வேண்டவே வேண்டாம், கறியிலேயே இருக்கிறது. உப்பு குறைத்த பேக்கன் என்று தனியாக விற்கிறார்கள். அதில் செய்தால் தித்திப்பு மட்டும் தூக்கி நிற்கும், நாலு வாய்க்கு மேல் இறங்காது.

*

பிரவுன் சுகருக்குப் பதில் நாட்டுச்சர்க்கரை போடலாமா? போடலாம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. பிரவுன் சுகர் என்பது சுத்திகரித்த வெள்ளைச் சர்க்கரையில் கரும்புப் பாகுக் கசடான மொலாசஸைக் கொஞ்சம் திரும்பச் சேர்த்தது. நாட்டுச்சர்க்கரையோ கரும்புச்சாற்றைக் காய்ச்சி அப்படியே பொடியாக்கியது. இதில் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் கூடுதலாக இருப்பதால் சீக்கிரம் சிவக்கும், ஆறினபிறகு சீக்கிரம் பிசுபிசுக்கும். போடுவதென்றால் சூட்டைக் குறைத்து, அன்றைக்கே சாப்பிட்டுவிட வேண்டும். மணம் அபாரம், அதில் சந்தேகமில்லை.

தேன் வேண்டாம். அதிலும் ஃப்ரக்டோஸ் அதிகம். கறி தயாராகும் முன்பே கருகும். மேப்பிள் சிரப் கடைசிப் பத்து நிமிடத்தில் மேலே பூசுவதற்கு நன்றாக இருக்கும். ஏறக்குறைய 40 லிட்டர் மரச்சாற்றைக் காய்ச்சி ஒரு லிட்டர் எடுக்கிறார்கள், அதைத் தொடக்கத்திலேயே ஊற்றித் தட்டில் வழிய விடுவது பாவம்.

*

தட்டில் அலுமினியத்தாள் விரித்து, அதன்மேல் கம்பித் தட்டு வைத்து, அதன்மேல் பேக்கனைப் பரப்பி, பாதிச் சர்க்கரையைத் தூவ வேண்டும். ஓவன் 175 டிகிரி செல்சியஸ், அதாவது 350 ஃபாரன்ஹீட். தடித்த துண்டுக்கு 30 முதல் 40 நிமிடம் ஆகும். பாதியில் இடுக்கியால் திருப்பிப் போட்டு, மீதிச் சர்க்கரையை மறுபக்கம் தூவ வேண்டும்.

ஓவன் கண்ணாடி வழியாகப் பார்த்தாலே நடப்பது தெரியும். முதலில் கறியின் ஈரத்தில் சர்க்கரை நனைந்து கறுத்து, மணல் மாதிரி இருந்தது குழம்பாகிவிடும். பிறகு கொழுப்பு கண்ணாடி நிறத்துக்கு மாறி உருகிச் சொட்டும். சர்க்கரை பெரிய பெரிய குமிழாகக் கொதிக்கும். அது நீர் வெளியேறுவதன் அடையாளம். குமிழ் சின்னதாகி, நிதானமாகி, ஒவ்வொன்றாக உடையத் தொடங்கும்போது பாகு இறுகுகிறது. ஓரங்களில் செம்பு நிறம் வரும். அங்கிருந்து கருகலுக்கு ஓரிரு நிமிடம்தான். கடைசி ஐந்து நிமிடம் வேறு வேலை பார்க்கக் கூடாது.

*

கடலை மிட்டாய்க்குப் பாகு காய்ச்சுகிறவர்கள் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, உருட்டிப் பாத்திரத்தில் தட்டிப் பார்ப்பார்கள். 'டங்' என்று சத்தம் வந்தால் இறக்கிவிடலாம். இங்கே வேண்டியதும் அதே பதம்தான்: 150 டிகிரிக்குக் கொஞ்சம் முன்பின். அதிரசப் பதத்தில் எடுத்தால் பல்லில் ஒட்டும். ஆனால் சூடாக இருக்கும்போது எந்தப் பாகும் இளகித்தான் இருக்கும். தொட்டுப் பார்த்து முடிவு செய்ய முடியாது. ஒரே ஒரு துண்டை வெளியே எடுத்துக் கம்பித் தட்டில் இரண்டு நிமிடம் ஆறவிட வேண்டும். விறைத்து நின்றால் எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். தொங்கினால் இன்னும் மூன்று நிமிடம்.

எண்ணெய் வடிய டிஷ்யூ பேப்பரில் போடுகிற பழக்கத்தை இதற்குக் கொண்டுவரக் கூடாது. ஒட்டிக்கொண்டால் பிரிக்கவே முடியாது.

*

காரத்தைப் பற்றி. மிளகாயின் காரம் கொழுப்பில் கரையும். கொழுப்போ கீழே சொட்டிக்கொண்டே இருக்கிறது. மொத்த மிளகாய்த்தூளையும் முதலிலேயே போட்டால் அதில் ஒரு பங்கு அலுமினியத்தாளுக்குப் போய்விடும். ஆகவே பாதியைத் திருப்பிப் போடும்போது தூவுவது நல்லது. மிளகை அதற்கும் பிறகு, கடைசிப் பத்து நிமிடத்தில். காரம் தாங்கும், ஆனால் மணம் நீண்ட சூட்டில் பறந்துவிடும். வீட்டு மிளகாய்த்தூளில் மல்லி கலந்திருந்தால் அது வேண்டாம், மல்லி கருகிக் கசக்கும்.

பல அமெரிக்கக் குறிப்புகளில் கெயனை 'ஒரு சிட்டிகை, விருப்பப்பட்டால்' என்று போடுகிறார்கள். விருப்பமெல்லாம் இல்லை, அது அவசியம். காரம் இல்லாவிட்டால் கொழுப்பும் இனிப்பும் சேர்ந்து திகட்டிவிடும். சான் பிரான்சிஸ்கோவில் 'மில்லியனர்ஸ் பேக்கன்' என்ற பெயரில் இதைப் பிரபலமாக்கிய ஸ்வீட் மேப்பிள் உணவகத்தில் மிளகும் மிளகாயும் சேர்ந்தே போடுகிறார்கள். தெற்கு மாநிலங்களில் பார்பிக்யூ போடுகிறவர்கள் இதையே புகையடுப்பில் செய்து 'பிக் கேண்டி' என்பார்கள். அங்கேயும் காரம் தாராளம்தான்.

*

நைட்ரைட். பேக்கனின் இளஞ்சிவப்பு நிறத்துக்கும், பொட்டுலிசம் என்ற கொடிய நச்சு நோயை உண்டாக்கும் கிருமி வளராமல் இருப்பதற்கும் அதுதான் காரணம். அதிகச் சூட்டில் அதிலிருந்து நைட்ரோசமைன்கள் உண்டாகலாம் என்பதால்தான் அமெரிக்காவில் உப்புநீர் ஏற்றிய பேக்கனுக்கு 120 பிபிஎம் என்று அளவு வைத்திருக்கிறார்கள். 2015இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. 'அன்க்யூர்ட்' என்று எழுதிய பாக்கெட்டுக்குக் கூடுதல் காசு கொடுப்பதில் அர்த்தமில்லை. பெரும்பாலும் அதில் செலரிப் பொடி வழியாக அதே நைட்ரைட் வருகிறது. இந்தச் சர்க்கரை பேக்கன் பண்டிகைப் பண்டம். ஆளுக்கு இரண்டு துண்டு போதும்.

*

பன்றி புழங்காத வீடுகளுக்கு: டர்க்கி பேக்கனில் கொழுப்பு போதாது, சர்க்கரைதான் முதலில் கருகும். மாட்டின் வயிற்றுப் பகுதியில் செய்த பீஃப் பேக்கன் ஹலால் கடைகளில் கிடைக்கிறது. அது சரியாக வரும், சூட்டை மட்டும் சற்றுக் குறைக்க வேண்டும்.

*

சாதா பேக்கனின் கொழுப்பை வடித்து டப்பாவில் வைத்துக்கொள்வது அமெரிக்கத் தென்பகுதிச் சமையலறை வழக்கம். இந்தக் கொழுப்பை அப்படி வைக்க முடியாது. சர்க்கரை கலந்திருப்பதால் அடுத்த முறை வாணலியில் கருகிவிடும். தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைக்கும். உறையவிட்டு அலுமினியத்தாளோடு சுருட்டிக் குப்பையில் போட வேண்டும். கம்பித் தட்டைத் தேய்க்க வேண்டாம், கொதிநீரில் ஊறவைத்தால் பாகு தானே கரைந்துவிடும்.

மிஞ்சியதைக் காற்றுப் புகாத டப்பாவில் அடுக்குக்கு நடுவே பேக்கிங் பேப்பர் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடலாம். மழைநாளில் இளகினால் ஓவனில் ஐந்து நிமிடம் காட்டி ஆறவிட்டால் பழையபடி மொறுமொறுப்பாகும்.